கதையில் வரும் ரோமானியக் கோப்பை: எந்தக் கண்ணாடியை எடுப்பது?

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "விருந்துக் காட்சி ஒன்று வருகிறது. கையில் கண்ணாடிக் கோப்பை இருக்கணும். என்ன நிறம் போடட்டும்?"

ஒருவர் ரோமானியப் பேரரசர் நீரோ காலத்தை வைத்துக் கல்லூரி மேடைக்கு நாடகம் எழுதுகிறார். இன்னொருவர் முசிறித் துறையில் வந்து இறங்கும் யவன வணிகனை வைத்து நாவல் எழுதுகிறார். மூன்றாமவர் சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைபவர். அவர் அனுப்பிய முதல் படத்தில் நீரோவின் கையில் லைகர்கஸ் கோப்பை இருந்தது, வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ரோமானியக் கண்ணாடிக் கோப்பை. பார்க்க அழகுதான். ஆனால் நீரோ செத்தது கி.பி. 68இல். அந்தக் கோப்பை 4ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நிறம் கூடினால் விலை கூடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அடர் நீலம், கருஞ்சிவப்பு, தங்க ஓரம் என்று எழுதிவிட்டால் பணக்கார வீடு ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ரோமானியக் கண்ணாடியில் இது பாதிதான் சரி. அங்கே நிறத்தைப் பார்த்தால் முதலில் தெரிவது காலம்.

பேரரசர்கள் அகஸ்டஸ் தொடங்கி கிளாடியஸ் வரையிலான காலத்தில் கோபால்ட் நீலம், தேன் நிறம், ஊதா, மரகதப் பச்சை எல்லாம் விருந்து மேசையில் கொடிகட்டிப் பறந்தன. முதல் நூற்றாண்டின் பிற்பாதியில் ரசனை மாறிவிட்டது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஸ்படிகம் போல நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும் கண்ணாடிக்குத்தான் மதிப்பு அதிகம் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆக கி.பி. 75இல் உங்கள் பாத்திரம் அடர் நீலக் கிண்ணத்தில் மது ஊற்றிக் கொடுத்தால், "பாட்டி காலத்துச் சாமானை இன்னும் எடுத்து வைக்கிறார்களே" என்றுதான் விருந்தாளி நினைத்திருப்பார்.

அதனால் முதல் கேள்வி ஆண்டு. அடுத்தது யாருடைய வீடு. மூன்றாவது, வெளிச்சம் ஊடுருவ வேண்டுமா, அதாவது உள்ளே இருக்கும் மது தெரிய வேண்டுமா. நான்காவது, கதையில் அது உடையப்போகிறதா. இந்த நான்காவதை எழுதுகிறவர்கள் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

| வகை | பொருந்தும் காலம் | யார் வீடு | மது தெரியுமா | உடைந்தால் |
|---|---|---|---|---|
| பூவேலை (மோசைக்) கிண்ணம் | கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுவரை | வசதியானவர் | பெரும்பாலும் தெரியாது | வருத்தம் |
| விலா வைத்த கிண்ணம் | கி.மு. 1ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதிவரை | நடுத்தரம் முதல் மேலே | தெரியும் | எளிதில் உடையாது |
| ஊதிய சாதாரணக் கோப்பை | கி.பி. 1ஆம் நூற்றாண்டு முதல் கடைசிவரை | எல்லோரும் | நன்றாகத் தெரியும் | தெருவியாபாரியிடம் போகும் |
| அச்சில் ஊதியது | கி.பி. 1ஆம் நூற்றாண்டு | நடுத்தரம் | தெரியும் | எரிச்சல் |
| செதுக்குக் கண்ணாடி | சுமார் கி.மு. 25 முதல் கி.பி. 50, 60 வரை | மிகச் சிலர் | தெரியாது | குடும்பமே அழும் |
| நிறமற்றது | கி.பி. 60, 70க்குப் பிறகு | நாகரிகம் தெரிந்தவர் | முழுதாக | கவலை |

## பூவேலைக் கிண்ணம்

வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே வளையங்கள் தெரியும் இல்லையா, இதன் சூட்சுமமும் அதுதான். பல நிறக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாக அடுக்கிச் சூடாக்கி இழுத்தால் மெலிந்து நீண்ட ஒரே கோல் ஆகும். அதற்குள் பூவோ சுருளோ தலை முதல் கால் வரை ஓடும். அதை வில்லை வில்லையாக வெட்டி, பக்கம் பக்கமாக அடுக்கி உலையில் ஒட்ட வைத்து, அந்தத் தட்டை அச்சின் மேல் சரிய விட்டால் கிண்ணம். பிறகு உள்ளும் புறமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வாய் ஓரத்தில் முறுக்கிய கோடு ஒன்று சுற்றி ஓடும், நம் முறுக்குக் கயிறு மாதிரி.

எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல விவரம் இதில் இருக்கிறது. அடியில் பூக்கள் வட்டமாக இருக்கும். பக்கவாட்டில் ஏற ஏற, கண்ணாடி சரியும்போது இழுபட்டு நீண்டிருக்கும். நிறம் தடிமன் முழுக்க ஓடுவதால் வெளியே தெரியும் பூ உள்ளேயும் தெரியும். குடித்து முடித்தவன் அடியில் பார்ப்பது இந்தப் பூக்களைத்தான்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு வெளிச்சம். வெள்ளையும் மஞ்சளும் ஆன்டிமனி சேர்த்துச் செய்தவை, ஒளியை விடாது. "விளக்கொளியில் மது கனலாய் மின்னியது" என்று எழுத ஆசைப்பட்டால் இந்தக் கிண்ணம் வேண்டாம். இன்னொரு செலவு பெயர். இன்று இதைக் குறிக்கும் 'மில்லிஃபியோரி' என்ற சொல் பிற்கால இத்தாலியச் சொல். ரோமானியப் பாத்திரத்தின் வாயில் அதைப் போட முடியாது.

பழைய பணக்காரக் குடும்பம், ஜூலியஸ் சீசருக்கு முன்னும் பின்னுமான காலம் என்றால் தயங்காமல் எடுக்கலாம். கிரேக்கத்தின் அன்டிகிதெரா தீவருகே கி.மு. 1ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில் சிலைகளோடு இந்த வகைக் கிண்ணங்களும் வந்துகொண்டிருந்தன.

## விலா வைத்த கிண்ணம்

எனக்கு மிகவும் பிடித்தது இது. எதைத் தேர்வது என்று தெரியாதவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

அகன்ற, ஆழம் குறைந்த கிண்ணம். வெளிப்புறம் மேலிருந்து கீழாகப் புடைத்த விலாக்கள், உட்புறம் வழவழப்பு. பலவற்றில் உள்ளே ஒன்றிரண்டு வளையக் கோடுகள் கீறியிருக்கும். தேன் நிறம், ஊதா, அடர் நீலம், இயற்கையான நீலப்பச்சை, பளிங்குக் கல் போல வெள்ளை ஓடிய ஊதா என்று எல்லாவற்றிலும் கிடைக்கிறது. இதன் நகல் ஒன்றை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தேன். முதலில் வியப்பது கனம். பிறகு கவனித்தால் விரல்கள் தாமாகவே விலாக்களுக்கு நடுவே போய் உட்காருகின்றன. கையால் சாப்பிட்ட, எண்ணெய் பட்ட விரலுக்கு இது எவ்வளவு தோதான பொருள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிறமும் விலாவும் சேர்ந்தால் நடப்பது அழகு. விலா புடைத்த இடத்தில் கண்ணாடி தடித்து நிறம் கறுக்கும், பள்ளத்தில் மெலிந்து வெளுக்கும். ஒரே ஊதாவில் இரண்டு ஊதா. கோபால்ட் நீலமென்றால் சொல்லவே வேண்டாம். ஆயிரத்தில் ஒரு பங்கு கோபால்ட் போதும், கண்ணாடி கடலாகிவிடும்.

முசிறி நாவல் எழுதுபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விடை இதுதான். பிரிட்டன் தொடங்கி நம் ஊர் வரை இதன் துண்டுகள் கிடைக்கின்றன. அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் தோண்டியபோது வந்திருக்கின்றன. கூடவே அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளஸ், முசிறிக்கு வந்த சரக்குப் பட்டியலில் கண்ணாடிப் பாத்திரத்தைச் சொல்லவில்லை. அது சொல்வது கச்சாக் கண்ணாடி, அதாவது உருக்கி வார்த்து உடைத்த கட்டிகள். எகிப்திலும் சிரிய, பாலஸ்தீனக் கரையிலும் மணலையும் நேட்ரான் உப்பையும் பெரிய உலைகளில் உருக்கி, கட்டிகளாக உடைத்து ஏற்றுமதி செய்தார்கள். வாங்கியவர்கள் தங்கள் பட்டறையில் மறுபடி உருக்கிக்கொண்டார்கள். ஆகவே யவன வணிகனின் மூட்டையில் கட்டிகள், அவன் சொந்த உபயோகத்துக்கு ஒரு விலாக் கிண்ணம். மதுவை மட்டும் கண்ணாடியில் கடல்கடக்க விடாதீர்கள். அது ஆம்போரா என்ற மண் ஜாடியில் வந்தது.

குறை என்னவென்றால், இது உடையாது என்று சொல்லிவிடலாம் போன்ற தடிமன். கோபத்தில் வீசி எறிந்து சிதறடிக்கும் காட்சிக்கு ஆகாது. கி.பி. 100க்குப் பிறகான கதையில் இதை வைத்தால் பழைய பொருள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

## ஊதிய கோப்பை

கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுவில் சிரிய, பாலஸ்தீனக் கரைப்பகுதியில் யாரோ ஒருவர் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை வைத்து ஊதினார். ஜெருசலேமில் ஒரு பட்டறைக் குப்பையிலிருந்து அந்தத் தொடக்க கால முயற்சிகளின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு கண்ணாடியின் கதையே வேறு. அச்சில் சரித்து, தேய்த்து, மெருகேற்றிச் செய்ததை இப்போது சில நிமிடத்தில் செய்யலாம். அகஸ்டஸ் காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ரோமில் ஒரு செம்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்கிறார்.

மலிவான கோப்பையின் நிறம் நீலப்பச்சை. யாரும் சேர்த்த நிறம் இல்லை, மணலில் இருந்த இரும்பு தந்தது. நம் ஊர் பழைய சோடா பாட்டிலை ஒத்த நிறம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாராயக்கடை, படைவீடு, மாடிக் குடியிருப்பு எங்கே வைத்தாலும் தப்பில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டு முதல் எந்த நூற்றாண்டிலும் தப்பில்லை.

இதையே பகட்டாகச் செய்யவும் தெரிந்திருந்தது. சூடான நீலக் குமிழை வெள்ளை, மஞ்சள், சிவப்புச் சில்லுகளின் மேல் உருட்டிவிட்டு மேலும் ஊதினால், சில்லுகள் புள்ளிகளாக விரியும். முதல் நூற்றாண்டில் இப்படிப் புள்ளி தெளித்த ஜாடிகள் நிறைய. புதுப்பணக்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

கொதிக்கும் நீரை மதுவில் கலப்பது ரோமானியர் வழக்கம். அப்படியானால் கண்ணாடி வெடிக்காதா என்று நாடகக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. கவிஞர் மார்ஷியல் ஒரு கோப்பையைப் பேச வைக்கிறார்: நாங்கள் சாமானியரின் கண்ணாடி, கொதிநீர் பட்டாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறது அது. மெல்லிய சுவர்தான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். சூடு ஒரே சீராகப் பரவிவிடும்.

உடைந்தால்? யாரும் ஒப்பாரி வைக்கமாட்டார்கள். டைபர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் தெருவியாபாரி உடைந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு கந்தகக் குச்சி கொடுப்பான். இதுவும் மார்ஷியல் சொன்னதுதான். பழைய பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் கிராடோ அருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் உடைந்த கண்ணாடியைப் பீப்பாயில் போட்டு ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு பெரிய வியாபாரம் அது.

மேடைக்கு மட்டும் இது ஒத்துவராது. மூன்றாவது வரிசைக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாது.

## அச்சில் ஊதியது

எழுத்து வேண்டுமென்றால் இதை எடுங்கள். செதுக்கிய அச்சுக்குள் குமிழை ஊதினால் இலை, கொடி, எழுத்து எல்லாம் ஒரே மூச்சில் பதிந்துவிடும். முதல் நூற்றாண்டில் எனியன் என்ற கைவினைஞர் "எனியன் செய்தார்" என்று கிரேக்கத்தில் தன் பெயரைச் சின்னப் பலகை வடிவத்துக்குள் பதித்தார். மறுபக்கம் "வாங்குபவர் நினைக்கப்படட்டும்" என்று பதித்த கோப்பைகளும் உண்டு. நீலம், தேன், பச்சை என்று நிறத்திலும் குறைவில்லை. உற்றுப் பார்த்தால் அச்சுப் பாகங்கள் சேர்ந்த கோடு தெரியும். சில குப்பிகளில் அதைத் தூண் வடிவத்துக்குள் சாமர்த்தியமாக ஒளித்திருப்பார்கள்.

கிளாடியேட்டர் பெயர்கள் பதித்த கோப்பைகளும் இந்த வகைதான், முதல் நூற்றாண்டில் மேற்கு மாகாணங்களில் ஓடியவை. கால் (இன்றைய பிரான்ஸ்) பகுதியிலோ பிரிட்டனிலோ நடக்கும் கதைக்கு அருமையான பொருள். சினிமா நடிகர் படம் போட்ட டம்ளர் என்று வையுங்கள். பிரபு வீட்டு மேசையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

## செதுக்குக் கண்ணாடி

அடர் நீலத்தின் மேல் வெள்ளைப் படலம் ஒன்றைப் போர்த்தி, அந்த வெள்ளையைச் செதுக்கி உருவங்களை எடுப்பது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் போர்ட்லேண்ட் ஜாடி இதன் உச்சம். உயரம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். 1845இல் ஒருவன் அதைப் போட்டு உடைத்தான். பிறகு திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த வகையில் முழுதாக எஞ்சியவை உலகத்திலேயே சுமார் 15. ஆகவே உங்கள் கதையில் இது வந்தால் கதையே இதைப் பற்றியதாக இருக்க வேண்டும். மேசையில் சும்மா ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுப் போகக்கூடிய பொருளில்லை. வாசகர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் ஊடுருவாது, மது தெரியாது, புழங்க முடியாது. அகஸ்டஸ் குடும்பத்தின் கல்யாணம், பரம்பரைச் சொத்து, திருட்டு, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும்.

## நிறமே இல்லாதது

நாடகம் கி.பி. 60களில் நடப்பதால் இதைப் பேசாமல் தீராது. மாங்கனீஸோ ஆன்டிமனியோ சேர்த்தால் இரும்பின் பச்சை மறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே மாங்கனீஸ் கூடிப்போனால் ஊதா வந்துவிடும்.

நீரோ காலத்தில் 'பெட்ரோட்டி' எனப்பட்ட இரண்டு சின்னக் கோப்பைகள் 6000 செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) போயின என்கிறார் பிளினி. அன்று ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆறரை வருடச் சம்பளத்துக்கு மேல். அவை என்ன நிறம் என்று அவர் எழுதவில்லை, அதனால் நாடகக்காரருக்குச் சுதந்திரம்.

கதை 4ஆம் நூற்றாண்டு என்றால் பேரரசர் டயோக்ளீஷியனின் 301ஆம் ஆண்டு விலை ஆணையே கையில் இருக்கிறது: அலெக்சாந்திரியக் கண்ணாடி ஒரு ராத்தல் 24 டெனாரியஸ் (இதுவும் ரோமானிய நாணயம்), யூதேயாவின் பச்சை சாயல் கண்ணாடி 13. அந்தப் பச்சைச் சாயலுக்காகவே கிட்டத்தட்ட பாதி விலை.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

வானவில் பளபளப்பு. மியூசியத்தில் ரோமானியக் கண்ணாடி மயில் கழுத்து போல மின்னும். அது மண்ணுக்குள் கிடந்து மேற்பரப்பு அரித்து வந்தது. அன்றைய மேசையில் அது கிடையாது. ஓவியர்கள் அதைத்தான் முதலில் வரைகிறார்கள்.

உடைக்கும் காட்சி. ரோமானிய வரலாற்றில் புகழ்பெற்ற இரண்டு உடைப்புகள் உண்டு. வேடியஸ் பொல்லியோ என்ற பணக்காரர் வீட்டு விருந்தில் அடிமை ஒருவன் கோப்பையை உடைத்துவிட, அவனை விலாங்குக் குளத்தில் எறியச் சொன்னார் பொல்லியோ. அகஸ்டஸ் அவனைக் காப்பாற்றி, வீட்டில் மிச்சமிருந்தவற்றையும் உடைக்கச் சொன்னார். இன்னொன்று, சாகப்போன பெட்ரோனியஸ் என்ற நீரோவின் அவைக்காரர் 3 லட்சம் செஸ்டர்ஸ் பெறுமான அகப்பையை நீரோவுக்குக் கிடைக்கக் கூடாதென்று உடைத்தது. இரண்டுமே கண்ணாடி இல்லை: முதலாவது ஸ்படிகம், இரண்டாவது முர்ரா என்ற கல். பூவேலைக் கண்ணாடித் துண்டை இன்றைய வெனிஸ் கைவினைஞர்கள் 'முரினே' என்பதால் இந்த இரண்டாவதைக் கண்ணாடி என்று நம்பி எழுதிவிடுகிறார்கள். இத்தனை ஆவேசத்தை ஒரு செம்புக் காசுக் கோப்பை தாங்காது.

லைகர்கஸ் கோப்பை. வெளிச்சம் மேலே பட்டால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் கலந்த கண்ணுக்குத் தெரியாத தங்க, வெள்ளித் துகள்களின் வேலை. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வீட்டுக்கோ அவர் பிள்ளைகள் வீட்டுக்கோ.

## அந்த மூவரும்

முசிறிக்காரர் தேன் நிற விலாக் கிண்ணத்தோடு போய்விட்டார். நாடகக்காரருக்கு இரண்டு சொன்னேன்: நீரோவுக்கு நிறமற்றது, அவர் விருந்துக்கு வரும் வயதான செனட்டர் தன் வீட்டில் புழங்குவது அடர் நீல விலாக் கிண்ணம். இருவரும் ஒரே மேடையில் நின்றால் வசனம் இல்லாமலே தலைமுறை தெரிந்துவிடும். நிறமற்றதன் மேல் ஒரு விளக்கைத் தனியாக அடித்தால் போதும். ஓவியர் இன்னும் லைகர்கஸ் கோப்பையை விட மனமில்லாமல் இருக்கிறார். கதையையே 4ஆம் நூற்றாண்டுக்குத் தள்ள முடியுமா என்று எழுத்தாளரிடம் கேட்டுப் பார்க்கப் போகிறாராம்.